பனகல் பார்க் வரை தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

காலை மணி பத்தே முக்கால். மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தி.நகர் பனகல் பார்க் ஐந்தரை கிலோமீட்டர். சிக்னல் எவ்வளவு படுத்தினாலும் இருபது நிமிஷத்தில் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடுவேன். அன்றைக்கு நடந்து போனேன். சைக்கிளும் கூட வந்தது, அப்பாவும் கூட வந்தார். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று எத்தனையோ மலைப்பாதைகளில் விழுந்து எழுந்தவன் நான். இப்படி ஒரு பயணம் போனதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சரஸ்வதி பூஜை நாள் அது. எனக்கு இருபத்து மூன்று வயது, தொழில் மலைச் சைக்கிள் ஓட்டுவது. ஒரு சைக்கிள் கம்பெனி மாதம் இரண்டாயிரம் ரூபாயும் கியர் வைத்த சைக்கிளும் கொடுத்து, அவர்கள் பெயர் போட்ட பனியனோடு மலைகளில் பந்தயம் ஓடச் சொல்லியிருந்தது. மலையே இல்லாத ஊரில் ஒருவன் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை. விடிகாலையில் அண்ணா மேம்பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, போலீஸ்காரர் கைதட்டிக் கூப்பிட்டு, “இன்னா தம்பி, எதுனா தொலைச்சிட்டியா?” என்று விசாரிக்கிற வரைக்கும் ஓட்டுவேன். மற்றவர்களுக்குச் சமதரையாகத் தெரிகிற ரோட்டில் எனக்கு மேடும் பள்ளமும் தெரியும். எந்தத் தெருவில் கால் வைத்தாலும் எங்கே பிரேக் பிடிக்கலாம், எங்கே விட்டுவிடலாம் என்றுதான் புத்தி ஓடும். இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியாது. கல்யாண வீடுகளில் யாராவது, பையன் என்ன பண்றான் என்று கேட்டால், “ஒரு கம்பெனியில இருக்கான்” என்று சொல்லிவிட்டு அப்பா சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

இரண்டு நாள் கழித்து ஊட்டியில் பந்தயம். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் இன்னொரு வருஷம் சம்பளம், இல்லாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பனகல் பார்க் பக்கத்தில் இருந்த அவர்கள் கடை வாசலிலிருந்து கம்பெனி வேன் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும். வேனை விட்டால் பந்தயம் இல்லை, பந்தயம் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

காலையில் அடையாறு போய் ஒரு நண்பனிடம் ஸ்பேர் டியூப் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். அதற்குள் கூடத்தில் பூஜை முடிந்திருந்தது. அம்மாவின் வயலின், அப்பா ஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள், அவற்றுக்குப் பக்கத்தில் என் சைக்கிள். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. இரண்டு ரிம்மிலும் பிரேக் கட்டை வந்து கவ்வுகிற அதே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சந்தனம்.

“யாருப்பா இதைக் கொண்டுவந்து வச்சது?”

“நான்தான். இன்னிக்கு அதைத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ.”

வேனைப் பற்றிச் சொன்னேன். ஊரில் உள்ள ஆட்டோவெல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றும் கேட்டேன்.

“அது வாகனம்டா. இது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் சமையலறையிலிருந்து அம்மா தீர்ப்புச் சொன்னாள். “வயலினை எடுத்துண்டு போனா தப்பில்லே, வாசிச்சாத்தான் தப்பு. தள்ளிண்டு போகட்டும்.” தெருமுனை திரும்பியதும் நான் ஏறி உட்கார்ந்துவிடுவேன் என்று அப்பாவுக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார்.

ஆர்.கே. மடம் ரோட்டில் நூறு அடி போவதற்குள் ஆரம்பித்தது. பஞ்சர் கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். “இன்னா நைனா, பஞ்சரா? தோ, நம்ம கட கீது.”

“பஞ்சர் இல்லீங்க.”

“அப்பால ஏன் தள்ளிக்கினு போற?”

இதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. லஸ் வரைக்கும் அப்பாவின் பழைய மாணவர்கள் வேறு, ஆளுக்கு ஒரு தடவை, “என்ன சார், பஞ்சரா?” அவரும் நின்று நிதானமாக ஒவ்வொருவருடைய பெண்டாட்டி பிள்ளைகளையும் விசாரித்தார். லஸ் பிள்ளையார் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். “பந்தயத்துக்குப் போறே, ஒரு கும்பிடு போடப்படாதா?” நான் வெளியே நின்று ரிம்மிலிருந்த சந்தனத்தையெல்லாம் கைக்குட்டையால் துடைத்தெடுத்தேன். பிள்ளையாரைத் திட்டக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆழ்வார்பேட்டையைத் தாண்டும்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். எல்டாம்ஸ் ரோட்டில் வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார்.

“முன் சக்கரத்தக் கயட்டுனா ஏத்திக்கலாம் சார். எண்பது ரூபா குடு.”

“எண்பதா? மீட்டர் போட்டா இருபது ஆகுமா?” என்று அப்பா ஆரம்பித்தார்.

“அப்பா, எண்பது நான் கொடுக்கறேன்.”

“நீ சும்மா இரு.”

பேரம் அறுபதில் வந்து நின்றது. அதற்குக் கீழே டிரைவர் இறங்கவில்லை, அந்த அளவுக்கு அப்பா ஏறவில்லை. டிரைவருக்குச் சுவாரஸ்யம் வேறு பக்கம் போயிற்று. “சைக்கிள்தான் நல்லா கீதே, பையன் ஓட்டிக்கினு போனா இன்னா? இன்னா வேல பண்றாரு?”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சாம்பார் பக்கம் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

“சைக்கிள் ஓட்டறதுதான் அவன் தொழில். மலையிலெல்லாம் ஓட்டறான். அவன் அம்மாவுக்கு வயலின் எப்படியோ அப்படி. அதனாலதான் இன்னிக்கு ஓட்டப்படாதுன்னேன்.”

இரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அதைப் போய் இப்போது, வேன் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் சொல்கிறார். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் புடவைக் கடைக்குப் போகும் குடும்பம் ஒன்று வந்து ஏறிக்கொண்டது. ஆட்டோ போயேவிட்டது.

“அப்பா, வேன் போயிடுத்துன்னா நாளையிலிருந்து அந்தத் தொழிலே கிடையாது.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு தூரம்?”

“ரெண்டரை கிலோமீட்டர்.”

ஏறிக்கோடா என்று சொல்லப்போகிறார் என்று ஒரு காலைத் தூக்கிக்கூட விட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரை என் கையிலிருந்து பிடுங்கி, ஓட ஆரம்பித்தார். “தள்றதுக்குத் தடை இல்லையே.”

ஐம்பத்து நான்கு வயது மனிதர். சைக்கிள் தள்ளத் தெரியாது. உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓடியதில் இரண்டு எட்டுக்கு ஒரு தடவை பெடல் அவர் முழங்காலுக்குக் கீழே மோதியது. பல் பல்லாக இருக்கிற இரும்பு பெடல் அது. தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைக் கடந்து, தியாகராய ரோடு முழுக்க, “நகருங்கோ, நகருங்கோ” என்று கத்திக்கொண்டே போனார். பாண்டி பஜாரில் தீபாவளி ஜவுளிக்கு வந்த கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. பின்னாலேயே பையோடு ஓடிக்கொண்டு, “என்கிட்ட கொடுப்பா” என்று கெஞ்சினேன்.

“மாட்டேன். நீ ஏறிடுவே.”

பன்னிரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அப்போதுதான் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றார். “ஓட்டறதுக்குச் சம்பளம் கொடுத்தா தள்ளிட்டு வர்றீங்க? டயம் என்ன ஆச்சு?” அப்பா மூச்சு வாங்க வேன் மேல் சாய்ந்துவிட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பி சைக்கிளை ஏற்றினேன்.

அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தேன். தோல் உரிந்து, செயின் கறுப்பும் ரத்தமுமாக இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“நான் ஓட்டியிருந்தா இருபது நிமிஷம்ப்பா.”

அதை அவர் காதில் வாங்கவில்லை. நான் வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, “ஊட்டியில இறக்கத்துல மெதுவாப் போ. பிரேக்கைப் பிடிச்சுண்டே இறங்கு” என்றார்.

பிரேக்கைப் பிடிக்காமல் இறங்குகிறவர்கள்தான் அங்கே முதல் ஐந்து பேருக்குள் வருவார்கள். இதை அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். “சரிப்பா” என்றேன்.

வேன் நகர்ந்தது. “நீ பஸ்ல போப்பா, நடக்காதே” என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். அவரும் சரி என்றுதான் தலையாட்டினார். உஸ்மான் ரோட்டில் திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, நொண்டிக்கொண்டே பாண்டி பஜார் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.