தேறாத கையுறை

மின்சார அலுவலகத்தின் பின்பக்கச் சோதனை அறையில் வேலை பார்க்கும் அவளை எல்லோரும் கிளவுஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ஒரே வேலை. கம்பம் ஏறுகிறவர்களின் ரப்பர் கையுறைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் மேசைக்கு வரும். கையுறையின் வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே பிடித்து அமுக்குவாள். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் படும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பாள். தேறினால் முத்திரை. தேறாவிட்டால், மறுபடி யாரும் மாட்டிக்கொள்ள முடியாதபடி கத்தரியால் இரண்டு துண்டு. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. பெரிய அதிகாரியே வந்து கெஞ்சினாலும் அந்தக் கத்தரிக்குக் காது கேட்காது.

கணவர் போனதால் வந்த வேலை அது. அவரும் லைன்மேன்தான். ஒரு மத்தியானம், மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று நம்பி வெறுங்கையால் கம்பியைத் தொட்டார். ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. விசாரிக்க வந்தவர்கள், "கிளவுஸ் குடுக்கலையாம்மா?" என்று கேட்டார்கள். கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பீரோவில், கல்யாணத் துணிகளுக்குப் பக்கத்தில், துணி சுற்றி இருந்தது. சுற்றி வைத்தவள் அவள். "புத்தம் புதுசு, கம்பத்துல தேய்ச்சு ஏன் பாழாக்கறீங்க? பெரிய அதிகாரி வந்தா போட்டுக்கங்க" என்று சொன்னவளும் அவள்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதது உள்ளேயே கிடந்து அரித்தது.

மகள் தானாகப் பார்த்துப் பிடித்துக்கொண்ட மாப்பிள்ளையும் லைன்மேனாகவே அமைந்தார். தங்கமான மனுஷன். எதையும் புதுக்கருக்கு அழியாமல் வைத்திருக்கும் பைத்தியம் மட்டும் உண்டு. சோபா வாங்கி மூன்று வருடமாகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. உட்கார்ந்தால் வீடே சலசலக்கும். நல்ல தட்டு எங்கே என்று கேட்டால் "சேஃபா இருக்கு" என்பார். அந்தச் சொல்தான் எதற்கும் வளைந்து கொடுக்குமே. ஊர் போய்ச் சேர்ந்தவனும் சேஃப், உயிர் பிழைத்தவனும் சேஃப், பூட்டிக் கிடக்கும் தட்டும் சேஃப்.

மாப்பிள்ளையின் கையுறை மூன்றாவது முறையாகச் சோதனைக்கு வந்தது. மற்றவர்களுடையதில் கிரீஸும் வியர்வையும் காக்கை எச்சமும் ஒட்டியிருக்கும். இதிலோ, போன தடவை சோதனை முடிந்ததும் அவளே தூவிய பவுடர் விரல்களுக்குள் அப்படியே வெள்ளையாக இருந்தது. போன தடவையும் இப்படியே இருந்தபோது, மாப்பிள்ளை சுத்தக்காரர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி முத்திரை குத்திவிட்டாள். இந்தத் தடவை உள்ளே விட்ட கையை அவளால் வெளியே எடுக்க முடியவில்லை. மகளின் முகம்தான் கண்முன் நின்றது.

மேலே எழுதிப் போட்டால் மாப்பிள்ளையின் வேலைக்கே உலை. மகளிடம் சொன்னால் வீட்டில் சண்டை. அவரிடமே சொல்லலாம் என்றால், "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தாலும் போன் போட்டு வரவழைத்தாள். அவர் உள்ளே வரும்போது கத்தரி அவள் கையில் இருந்தது. கண்ணெதிரேயே அவர் ஜோடியில் ஒன்றை வெட்டினாள்.

"ஐயோ அத்தை! புதுசு அது! ஒரு நாள்கூட..." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஒரு நாள்கூட?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அதப் போட்டா நட்டு பிடிபட மாட்டேங்குது அத்தை. வெறுங்கையிலயே பழகிடுச்சு. அதான், சேஃபா இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

"உங்க மாமாவோடதும் சேஃபாதான் இருந்துச்சு." அவள் வெட்டிய துண்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான் துணி சுத்திப் பீரோல வெச்சேன். போட வேணாம்னு சொன்னதும் நான்தான். என் பொண்ணுக்கே தெரியாது மாப்பிள்ளை."

அவள் இன்னொன்றையும் வெட்டிப் போட்டுவிட்டு, ஓய்வு பெற்ற ஒருவர் திருப்பிக் கொடுத்திருந்த ஜோடியை அலமாரியிலிருந்து எடுத்தாள். சாயம் போய், விரல்கள் தளர்ந்திருந்தன.

"போன வாரம் தேறினது. விரலு இளகியிருக்கு, நட்டு பிடிபடும். இத எந்தக் கிறுக்கனும் பீரோல வெக்க மாட்டான்."

மாப்பிள்ளை அங்கேயே மாட்டிப் பார்த்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "அவகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன் அத்தை" என்றார்.

"வேணாம். நானே சொல்றேன்."

பதிவேட்டில், வெட்டிப்போட்ட அந்த நல்ல ஜோடிக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய். சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய ஜோடி மேசைக்கு வந்தது. நிறமே தெரியாத அழுக்கு. உள்ளே பவுடர் மருந்துக்குக்கூட இல்லை. வியர்வை நாற்றம் மூக்கில் ஏறியது. வாயைச் சுருட்டி, கன்னத்தருகே பிடித்து அமுக்கினாள். கட்டைவிரல் அடியிலிருந்து மெல்லிசாகக் காற்று வந்தது. உழைத்து உழைத்துத் தேய்ந்துபோயிருந்தது. தேறவில்லை. கத்தரியை எடுக்காமல், அந்த நாற்றம் பிடித்த கையுறையைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு கிளவுஸ் அக்கா அழுதாள்.