பட்டை எழுதியவரின் சம்மதம்

செத்தவரிடம் சம்மதம் வாங்கப் போன ஆள் நான். பேய் பிசாசு சமாச்சாரம் இல்லை, லைசென்ஸ் சமாச்சாரம்.

தாராவிப் பட்டறைகளில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்காக ஏழு பேர் சேர்ந்து ஒரு டெஸ்க்டாப் எழுதினோம். கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற திரை, மெனு, ஜன்னல்கள் எல்லாம் எங்கள் கைவேலை. திரையின் அடியில், திறந்திருக்கும் ஜன்னல்களை வரிசையாகக் காட்டும் பட்டையை எழுதியவர் மாட்டுங்காக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் நிரலையும் திறந்தே கொடுக்க வேண்டும். இதுதான் லைசென்ஸ். அவர் பிடிவாதமாக வைத்தது. அவரவர் எழுதிய கோப்பின் தலையில் அவரவர் பெயர், அவரவர் உரிமை. எல்லோருடைய உரிமையையும் ஒரே பெயரில் எழுதிவைத்திருக்கலாம். காகித வேலை என்றால் எங்களுக்கு எட்டிக்காய், விட்டுவிட்டோம்.

அவர் டெங்குவில் போய்விட்டார். ஒரு வருடம் கழித்து செம்பூரில் ஒரு கம்பெனி எங்கள் டெஸ்க்டாப்பைக் கேட்டது. எங்கள் ஆறு பேருக்கும் வேலையும் தருவதாகச் சொன்னது. இனிமேல் எழுதும் நிரல் வெளியே யாருக்கும் காட்டாமல் பூட்டியே இருக்கும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. லைசென்ஸை மாற்ற ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும். ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழாவது, சட்டப்படி, அவர் மனைவி போட வேண்டியது.

மாட்டுங்கா வீட்டில் அண்ணி காபி கொடுத்துவிட்டுக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நேக்கு இதெல்லாம் புரியலை. அவர் இருந்தா போட்டிருப்பாரா? அதை மட்டும் சொல்லுங்கோ."

போட்டிருக்கவே மாட்டார். ஒருநாள் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "நான் எழுதினதை எவனாவது பூட்டினா செத்தாலும் விடமாட்டேன்டா," என்று என்னிடம் சிரித்துச் சொன்னவர் அவர். ஆனால் எனக்கு வேலை வேண்டியிருந்தது.

"போட்டிருப்பாரு அண்ணி," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து ஆபீசில் பட்டைக் கோப்பைத் திறந்தால், என் தோளுக்குப் பின்னால் நின்று, செத்துப்போன அவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில். திரும்பிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேஜைப் பெண், "க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று கேட்டாள். பயம்தான், சொல்ல என்ன வெட்கம்?

ஏற்கெனவே திறந்து கொடுத்த பழைய பிரதியை எந்தக் கையெழுத்தாலும் பிடுங்க முடியாது. அது இன்றும் இணையத்தில் கிடக்கிறது. தொடுவதற்குத்தான் ஆளில்லை. எழுதத் தெரிந்த ஆறு பேரும் பூட்டிய பக்கம் வந்துவிட்டோம். பூட்டிய பிரதி மாதாமாதம் வளர்கிறது, திறந்தது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

போன வாரம் அண்ணி போன் செய்தார்.

"பொண்ணு ஆத்துக் கம்ப்யூட்டர்ல ஏதோ அப்டேட் பண்ணினா. மத்ததெல்லாம் வரது, அவரோட பட்டை மட்டும் காணலை. கொஞ்சம் பாத்துத் தரேளா?"

அந்தக் கோளாறு எனக்குத் தெரியும். கம்பெனிப் பிரதியில் நானே சரிசெய்திருந்தேன், நாலே வரி. அந்த நாலு வரியும் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே கொடுத்தால் வேலை போய்விடும். போன் காதில் இருக்க, பின்னால் அவர் நிற்பது தெரிந்தது.

"அது பழைய வெர்ஷன் அண்ணி. இனிமே ஓடாது."



"அப்படியா," என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."