கேட்கப் போனது தண்ணீர் இல்லை

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு உப்பளம்தான். மரக்காணத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை.

உப்பளத்தில் மரம் முளைக்காது. நாலு பக்கமும் வெட்டவெளி. ஈசிஆர் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் ஆள் தெரியும். ஆண்கள் எங்கேயாவது திரும்பி நின்றுகொள்வார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். என்னோடு உப்பு வாருகிற ஒருத்தி நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். நர்ஸம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"குடிக்கலாம். அப்புறம் எங்க போறது, கடலுக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்கள் சங்கம் சர்ச் ஹாலில் கூட்டம் போட்டது. சின்ன வயதுப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு அக்காவைத் துணை சேர்ப்பார்களாம். சொந்தக் காலில் நின்ற அக்கா. ஒரு வருஷம் பழகினால் நாங்கள் தலைவிகள் ஆகிவிடுவோமாம். தலைவி என்றால் கார், மாலை என்று நினைத்திருந்தேன். சமோசா உண்டு என்றதால் போனேன்.

எனக்குக் கிடைத்த அக்கா கோட்டக்குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் துபாயில். இவர் தையல் கடை வைத்து நாலைந்து பெண்களுக்கு வேலை கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவர் கடைக்குப் போவேன்.

"உனக்கு என்ன வேணும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க்கா."

"அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த?"

கடைசியில் சொன்னேன், உப்பளத்தில் பொம்பளைகளுக்கு ஒதுங்க இடமில்லை என்று.

"யாரக் கேக்கணும்?"

"மொதலாளியதான். நீங்க வந்து சொல்லுங்கக்கா."

"நானா உப்பு வார்றேன்? நீ கேளு."

போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. "என்னம்மா?" என்றார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை, லாரி டிரைவர். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "குடிக்கத் தண்ணி வேணுங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே தண்ணீர் கேன் வந்து இறங்கியது.

பெண்கள் கேனைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! கக்கூஸ் கேக்கப் போயி தண்ணி வாங்கியாந்திருக்கா!"

அன்று சாயந்திரம் வரை கேன் தளும்பியபடியே நின்றது.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கேட்டா குடுக்கறாருன்னு தெரிஞ்சுதுல்ல? இப்ப சரியானதக் கேளு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டார். "நான்தான் மொதலாளி. சொல்லு."

"வந்துங்க..."

"அதான் வந்துட்டியே. மேல சொல்லு."

தையல்காரப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் தரம் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "மொதலாளிக்குக் காது மந்தம்" என்றாள் ஒருத்தி. கத்திச் சொன்னேன். தெருவில் போன பாய் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதோடு வெட்கம் விட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலை. ஒரு வாரம் நல்ல முதலாளி. ஒரு வாரம் எரிந்து விழுகிற முதலாளி.

அடுத்த தடவை முதலாளியிடம் கேட்கப் போனபோது அக்காவும் மரக்காணம் வந்தார். எங்கள் பெண்கள் பின்னால் நின்றார்கள். முதலாளி அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். "சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"நான் சும்மா துணைக்கு வந்தேங்க. இவதான் பேசுவா." சொல்லிவிட்டு அக்கா எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணுங்க" என்றேன். "அது இல்லாததாலதான் நாங்க யாரும் பகல்ல தண்ணி குடிக்கறதில்ல. ஒருத்தி காய்ச்சல்ல கெடந்தா."

கணக்குப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தண்ணின்னுதானம்மா கேட்ட?"

"அன்னைக்கு வாய் வரலைங்க."

"எடம் ஏது? எல்லாம் பாத்தி."

"லாரி நிக்கிற மேட்டுக்குப் பின்னால இருக்குங்க."

"சரி, பாக்கலாம்."

நான் நகரவில்லை. "எப்பங்க?" இதுவும் தையல் கடையில் படித்ததுதான்.

முதலாளி சிரித்துவிட்டார். "மழைக்கு முன்ன கட்டிடலாம், போ."

கட்டினார். ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். இப்போது கேன் மதியத்துக்குள் காலி. காய்ச்சலில் விழுந்தவள்தான் முதலில் கேனில் சொம்பைப் பிடிக்கிறாள்.

எனக்குக் கார் வரவில்லை. மாலையும் இல்லை. ஆனால் கூலியோ லீவோ, எதுவானாலும் பெண்கள் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் அந்த அக்கா எனக்கு யார்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பேசியிருக்க மாட்டேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கட்டினதைப் பார்க்க வரச் சொன்னேன்.

பிரியாணி டப்பாவோடு வந்தார். உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"தாழ்ப்பா இல்ல."

"ஆமாங்க்கா. துணியால கட்டிக்கறோம்."

அக்கா திரும்பி, முதலாளி உட்கார்ந்திருந்த கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இருங்கக்கா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தேன்.