ஒரே பெயரில் நான்கு உறைகள்

சில பெயர்கள் உண்டு. தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கடையில் நிற்கிறவர், மாடியில் துணி உலர்த்துகிறவர், சைக்கிளில் போகிறவர் என்று மூன்று தலைகள் திரும்பும். அதுவும் அப்படி ஒரு பெயர்தான். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு நான்கு பேர் பேரெடுத்துவிட்டார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் பாடகர், ஒருவர் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பாலம் கட்டிய பொறியாளர். நான்காமவர் கால்பந்தில் நாட்டுக்காகக் கோல் காத்தவர். இந்த நான்கு பேரையும் நான்கு உறைகளில் போட்டு, ஒருவர் மேல் ஒருவர் படாமல் முப்பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டவள் ஒரு பெண். அவளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியதில்லை, அவள் வேலை பார்த்த பத்திரிகை உட்பட.

அது மாலைப் பத்திரிகை. மூன்றாவது மாடியில் கடைசி அறை அவளுடையது. ஒரே ஒரு ஜன்னல், அதையும் பாதி மறைத்தபடி இரும்பு அலமாரி. அலமாரி நிறையப் பழுப்பு உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு மனிதரின் படங்களும், அவரைப் பற்றி வெட்டி எடுத்த செய்திகளும். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் கவர் அக்கா. அவளைவிட வயதில் மூத்த காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கணினி வந்தது. படங்களையெல்லாம் அதற்குள் ஏற்றினார்கள். அந்தப் பெயரைத் தட்டினால் நீதிபதியின் அங்கியும் கோல்கீப்பரின் கையுறையும் கலந்து கட்டியாக வந்து விழுந்தன. அதனால் முக்கியமான படம் என்றால் இன்றும் அவளிடம்தான் வருவார்கள். இயந்திரத்துக்கு முகம் தெரியும், ஆளைத் தெரியாது என்பாள்.

அவளும் தவறு செய்யாதவள் இல்லை. இருபத்திரண்டு வயதில் செய்தாள். பொறியாளர் இறந்த அன்று அவசரத்தில் பாடகரின் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை பாடகர் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செத்தவன் வந்திருக்கிறேன், ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சாவகாசமாகச் சொன்னார். காவலாளி பார்த்த வேலையை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். அவளுடைய வேலை தப்பியது பாடகரின் பெருந்தன்மையால்தான். அன்றிலிருந்து அவள் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சாவுச் செய்திக்குப் படம் கொடுத்தால், முதுகில் ‘இவரேதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பாள். நாளடைவில் அது அலுவலகத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது. அந்த ஒரு சொல் இல்லாமல் எந்த இறந்தவரும் பக்கத்தில் ஏற முடியாது.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. அறுபத்தைந்து தாண்டிய பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் சாவுச் செய்தியை உயிரோடு இருக்கும்போதே எழுதி, படமும் தேர்ந்தெடுத்து, உறையில் சிவப்பு நூல் கட்டி வைத்துவிடுவார்கள். கேட்கிறவர்களுக்குக் கல்நெஞ்சாகத் தோன்றும். பதினொன்றரைக்கு அச்சு ஓட வேண்டிய இடத்தில் வேலை பார்த்துவிட்டுப் பேசட்டும். மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டா வீட்டில் குடை வாங்கி வைக்கிறோம்?

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. நான்காவது உறையில் இருந்த கோல்கீப்பர் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். ஆரம்பத்தில், சிபாரிசில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சொல்லாமல் இருந்தாள். பிறகு சொல்லிக்கொள்ளும்படியாக உறவே இல்லை. பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

அம்மா போன அன்று அண்ணன் வெளியூரில் ஏதோ ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கிளம்பிவிட்டேன் என்று தகவல் வந்தது. சாயங்காலம் வரை பார்த்தார்கள். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது தங்கை சரி என்று தலையாட்டிவிட்டாள். எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அண்ணன் பையும் கையுமாக வந்து சேர்ந்தார். எனக்காக இரண்டு மணி நேரம் பொறுக்க முடியவில்லையா என்று வாசலில் நின்றபடியே கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். அவள் இருக்கவில்லை.

"நாப்பது வருஷம் அம்மா உனக்காக வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கடைசி நாளும் பாக்கணுமா?"

அண்ணன் வாசல்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனார். சொன்ன வார்த்தையை இவள் திரும்ப எடுக்கவில்லை, அவரும் திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு பிறந்தவர்கள். ஆனால் அந்தப் பதினோரு வருடமும் அண்ணனைப் பற்றி எங்கே எது வந்தாலும் வெட்டி, தேதி போட்டு, உறையில் வைத்தாள். வேலை என்று சொல்லிக்கொண்டாள். அவருக்கு அறுபத்தைந்து முடிந்த வாரம் சிவப்பு நூலையும் அவளே கட்டினாள். அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. இரண்டு மாதம் முன்பு நான்கே வரியில் ஒரு துணுக்கு வந்தது. முன்னாள் கோல்கீப்பர் நெஞ்சு வலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பினார் என்று. அதையும் வெட்டி வைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து நிருபர் பேசினார். அந்தப் பெயரைச் சொன்னார், காலமானார் என்றார், வாசலில் பெரிய கூட்டம் என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடைய கைப்பேசி செத்துப் போயிருந்தது.

கீழே இருந்த செய்தி ஆசிரியருக்கு, நீதிபதிதான் என்பதில் சந்தேகமே இல்லை. பக்கம் போடுகிறவர் இருக்கிறாரே, யார் எழுதினாலும் நாலு வரி வெட்டாமல் விடமாட்டார் என்பதால் கத்தரி என்று பெயர் வாங்கியவர், அவர் முதல் பக்கத்தில் நீதிபதிக்கு இடம் விட்டுவிட்டு, படத்துக்காக மூன்று மாடி ஏறி வந்தார். வந்தவர் பார்த்தது, மேசை மேல் மூன்று சிவப்பு நூல் உறைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்த கவர் அக்காவை. உட்கார முடியவில்லை அவளால். ஜன்னலுக்குப் போவாள், மேசைக்கு வருவாள், அலமாரிக் கதவைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவாள். கத்தரி வெறுங்கையோடு இறங்கினார். அவரையும் திருப்பி அழைத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னம்மா, நீதிபதி படம் எங்க?"

"நீதிபதிதான்னு யார் சொன்னா, சார்?"

"எண்பத்திரண்டு வயசு. ஆறு மாசமா படுத்த படுக்கை. வேற யாரா இருக்கும்?"

"சாவு வயசைக் கேட்டுக்கிட்டா வருது?"

அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் தொலைபேசியைக் காட்டினாள். நீதிபதி வீட்டு எண்ணைச் சுழற்றினால் ஓயாமல் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. இழவு வீடு என்றாலும் அப்படித்தான் இருக்கும், இழவா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். பாடகர் வீட்டுக்குப் பேசினாள். பாடகரே எடுத்தார். ஏற்கனவே ஒருதரம் உங்கள் பத்திரிகையில் செத்தாயிற்று, இரண்டாவது தரத்துக்கு அவசரமில்லை என்று சிரித்தார். பெயரைக் கேட்டதும் தனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டதாகவும், கண்ணாடியைப் பார்த்துத்தான் தெளிந்ததாகவும் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். பாடகரின் உறையை அலமாரிக்குள் வைத்தாள். மேசையில் இரண்டே இரண்டு மிச்சம்.

மணி பதினொன்று ஐந்து.

அண்ணன் வீட்டு எண் அவளுக்கு மனப்பாடம். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அழைக்காத எண், ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். நீங்கள் பேசுங்கள் என்று கத்தரியிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் நினைத்தாள். என் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று ஊரான் ஒருவன் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்ததும் கை தானாகச் சுழற்றியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை. அப்போதும் இல்லை.

யாருமே இல்லாத வீடு என்றால் எல்லாரும் எங்கே போயிருப்பார்கள்? அவள் மனம் நேராக மருத்துவமனை வாசலுக்குப் போய் நின்றது. கூட்டம், அண்ணி, அழுகை. அப்போதும் அவள் உட்காரவில்லை.

செய்தி ஆசிரியருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பதினொன்று இருபது. நீதிபதி படத்தில் கையெழுத்துப் போடுகிறாயா இல்லையா என்றார். போட மாட்டேன் என்றாள். அப்படியானால் கையெழுத்து இல்லாமலே போடுவேன் என்று உறைக்குக் கை நீட்டினார். அவள் இரண்டு உறைகளின் மேலும் உள்ளங்கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"இதுல ஒருத்தர் என் அண்ணன், சார்."

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். எந்த உறை என்று கேட்கவில்லை. முப்பது வருடமாகத் திட்டுவதற்கு மட்டுமே வாய் திறந்த மனிதர், நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டார். பிறகு கத்தரியிடம், கால் மணி நேரம் அச்சை நிறுத்தி வைக்கச் சொன்னார். மாலைப் பத்திரிகையில் கால் மணி நேரம் என்பது சாமானியம் இல்லை. வண்டிகள் கீழே காத்து நிற்கும், வெளியூர்க் கட்டு தவறிப் போகும். தெரிந்துதான் சொன்னார்.

மூன்றாவது முறை அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. தொலைபேசியை வைத்தாள். வைத்த மறுநிமிடம் அது அலறியது.

"எத்தனை தரம் அடிக்கிறன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றது அந்தக் குரல். "மூணு. பரவாயில்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"எடுக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு? இங்க ஒருத்தி பாதி உசுரா நிக்கிறேன்."

"காலையிலேருந்து நாப்பது பேர் கேட்டாச்சு, நான் செத்துட்டேனான்னு. பத்திரிகைக்காரன்னா ரெண்டு தரம் அடிச்சிட்டு விட்டுடுவான். மூணாவது தரமும் அடிக்கிறது நீயாத்தான் இருக்கும்னு தெரியும்."

"தெரிஞ்சும் எடுக்கல."

"பதினோரு வருஷம் நீ அடிக்கலையே."

அவருக்கு நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள், ஆனால் கத்தரியும் ஆசிரியரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பாடகர் பேசிவிட்டார், அண்ணன் பேசிவிட்டார், பொறியாளர் என்றோ போய்விட்டார். நீதிபதியின் உறையைப் பிரித்து, படத்தைத் திருப்பி, எழுத வேண்டியதை எழுதினாள். எழுதும்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் இல்லை என்று தன் மனம் துள்ளுகிற இதே நேரத்தில், இன்னொரு வீட்டில் யாரோ ஒரு தங்கை தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். நீதிபதிக்குத் தங்கை உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது. உறையில் அதெல்லாம் இருப்பதில்லை. படத்தைக் கத்தரியின் கையில் கொடுத்தாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அச்சு ஓடத் தொடங்கியது. யாரிடமோ கைப்பேசி இரவல் வாங்கி நிருபர் கூப்பிட்டு, ஆமாம், நீதிபதிதான் என்றபோது கட்டடமே அச்சு ஓடும் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று அரை நாள் விடுப்பு கேட்டாள். இதென்ன அதிசயம் என்பது போல ஆசிரியர் பார்த்தார், போய் வா என்றார். பேருந்தில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. இறங்குமிடம் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே கதவருகே போய் நின்றுகொண்டாள். இறங்கி நடக்கும்போது பாதி வழியில், எதற்குப் போகிறோம், மதிக்கவா போகிறார், திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. தோன்றியது கிடக்கட்டும் என்று கால் நடந்தது.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். இவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். கூடத்தில் அண்ணன் நாற்காலியில் இருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டார் என்று படங்களில் தெரியவில்லை. ஒரு காலத்தில் கோல் கம்பம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற தோள்கள் அவை.

"உக்காரு" என்றார்.

"நிக்கிறேன்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து, பழுதான முழங்காலைத் தூக்கி ஊன்றி, தானும் எழுந்து நின்றார். இவள் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த எதையோ இருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி தண்ணீர் கொண்டு வந்தவள், அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் உக்காந்து தொலைங்க. அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும்."

யார் முதலில் உட்காருவது என்று தீர்வதற்குள் ஜன்னலோரம் கிடந்த அவருடைய கைப்பேசி மணி அடித்தது. காலையிலிருந்து இதே தொல்லை, நாற்பத்தொன்றாவது ஆள் என்று முனகிக்கொண்டே அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தார். முழங்கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டார். தங்கை இரண்டே எட்டில் போய் எடுத்துவிட்டாள்.

"இல்லீங்க. போனது நீதிபதி ஐயா. இவர் நல்லாத்தான் இருக்கார், இங்கதான் நிக்கிறார்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நானா? நான் அவர் தங்கச்சி."

இவருக்குத் தங்கை உண்டா என்று அந்த மனிதர் கேட்டார் போலிருக்கிறது. இருக்கிறாள், ஒரே ஒருத்தி என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டு வைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி மணி அடித்தது.