சிரித்த முகத்துக்கு ஒரு பெயர்

தம்பியின் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிய அன்று என் மகள் ஏன் சிரித்தாள்?

தண்ணீர் கோரும்போது இதை நினைக்கிறேன். அவள் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது நினைக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் போதகர் கண்ணை மூடச் சொன்னதும் எல்லோரும் ஜெபிக்கிறார்கள். நான் இதை நினைக்கிறேன். காலையில் ஒரு பதில் சரியென்று படும். மத்தியானம் சோறு வடிப்பதற்குள் அது எனக்கே நம்பிக்கையில்லாமல் போய்விடும்.

இப்போது பதில் அவசரமாகிவிட்டது. எல்லை பிரித்து முடித்துவிட்டார்கள். தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அருகே இருக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு மூன்றோடு நிற்கிறது. அதனால் பள்ளி திறந்ததும் மகளை எல்லைக்குத் தெற்கே ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்க்கப் போகிறோம். போய்ப் பார்த்தும் வந்தோம். அங்கே பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட வேண்டும். அது பழைய வழக்கமாம். மேட்ரன் அம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "அடுத்த வருசம் உனக்கும் ஒரு குட்டியத் தருவேன், பாத்துக்கிடுவியா மக்கா?" என்று கேட்டார். அவள் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "பாத்துக்கிடுவேன்" என்று சிரித்தாள்.

ஒரு டாக்டர் இவளைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் எனக்குத் தெரியும். மேட்ரன் அம்மாவுக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இந்தப் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த சமயம். என் கணவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். அரசியல் பேச மாட்டார். அவருடைய தம்பி நேர் எதிர். ஊர்வலம் எங்கே நடந்தாலும் அங்கே இருப்பார். தமிழ் வேண்டும் என்று சுவரில் எழுதிவிட்டு, கையில் கரி அப்பியபடியே வந்து சாப்பிட உட்காருவார். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது என்று கேள்விப்பட்ட பிறகு போலீஸ் அவரையும் தேடத் தொடங்கியது. மாட்டுத் தொழுவத்தின் பரண்தான் அவருக்குப் பகல் வீடு.

சும்மா கிடக்க முடியாமல் அவர் என் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஏட்டு ஆவார்.

"எட்டி, உனக்க சித்தப்பன் எங்க?"

"ஆலப்புழைக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவான்?"

"எனக்குத் தெரியாது, ஏட்டு மாமா. இரியுங்க. வெள்ளம் குடிக்குதியளா?"

"முகத்தப் பாத்தியா? மலையாளத்துல கேட்டா மலையாளத்துல சொல்லணும், தமிழ்ல கேட்டா தமிழ்ல. மொதல்ல முகத்தப் பாக்கணும், பொறவு சிரிக்கணும். அழுதா நீ தோத்தே. ஆள் வந்தா அழப்பிடாது, கேட்டியா?"

பிழைத்தால் ஒரு குட்டு, சரியாகச் சொன்னால் ஒரு துண்டு கருப்பட்டி. நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். என் கணவரின் அக்காள்கூட, "இவ ஒரு வக்கீலாக்கும், தம்பி. நீ இவளுக்கே குமாஸ்தா வேல பாக்கலாம்" என்று என் கணவரைக் கேலி செய்தாள்.

ஒரு நாள் நிஜமான ஏட்டு வந்தார், கூட இரண்டு போலீஸ்காரர்களுடன். நான் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன். மகள் முற்றத்தில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். எழுந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். மலையாளத்தில் சித்தப்பா ஆலப்புழைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். பரணிலிருந்து இறங்கிய சித்தப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தொழுவத்தைச் சுற்றினார். வேட்டியெல்லாம் வைக்கோல். அன்று எங்கள் வீட்டில் அவளைப் போல ஒரு செல்லம் இல்லை.

பிறகு கெடுபிடி தணிந்தது. சித்தப்பா வேலை தேடித் தெற்கே போனார். எனக்கு மகன் பிறந்து, தவழவும் தொடங்கினான்.

கஞ்சி கொட்டிய அன்று நடந்தது இதுதான். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாகப் போட்டு வைப்போம். வாரம் ஒரு முறை சபைப் பெண்கள் வந்து அந்தப் பிடியரிசியை வாங்கிப் போவார்கள். அன்று அவர்கள் வாசலில் குரல் கொடுத்தார்கள். நான் அரிசிப் பானையை எடுக்க உள்ளே போனேன். கஞ்சிக் கலம் தரையில் இருந்தது. குழந்தை அதைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறான்.

அலறல் கேட்டு ஓடி வந்தேன். அதற்குள் அந்தப் பெண்கள் நடையில் ஏறியிருந்தார்கள். என் மகள் அவர்களுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டு, சிரித்த முகமாக, "ஒண்ணுமில்ல மாமி, அவன் சும்மா கெடந்து நெலவிளிக்குதான். இரியுங்க. வெள்ளம் குடிக்குதியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பியின் கால் தோலுரிந்து சிவந்திருந்தது.

இப்போது வாசிக்கிற உங்களுக்கு அது ஏட்டிடம் சொன்ன வாசகம் என்று உடனே புரியும். அன்று எனக்குப் புரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்க்கு அது எங்கே புரியும்? வந்த பெண்களுக்குப் புரிய வழியே இல்லை. "தம்பி வெந்து துடிக்கான், இவ சிரிக்கா!" என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்குள் அந்தச் சிரிப்பு சபை முழுக்கத் தெரிந்திருந்தது.

அதோடு நின்றிருந்தால் மறந்திருப்பார்கள். கொஞ்ச நாளில் ஒரு கோழிக்குஞ்சு செத்தது. மகள் அதன்மேல் அடுப்படியில் கிடந்த கரிபிடித்த சிரட்டையைக் கவிழ்த்து, கல் வைத்து மூடியிருந்தாள். கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது" என்றாள். கையில் கரி இருந்தது. இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. மறைத்துவிட்டு எழுதினால் நீங்கள் சொல்கிற ஆலோசனை வேறொரு பிள்ளைக்கானதாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

"படிச்சவளுக்க பிள்ளையில்லியா, நாங்க என்ன சொல்ல?" என்றாள் நாத்தனார். "ஊளம்பாறை பைத்தியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நெலமை வருமுன்ன ஒரு டாக்டர்ட்ட காட்டு."

நான் கொண்டுபோய்க் காட்டியவர் மனநோய் வைத்தியம் படித்த டாக்டர். வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். வாரம் ஒரு நாள் நெய்யாற்றின்கரையில் நோயாளிகளைப் பார்ப்பார். நல்ல மனிதர். அவளை மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஆட்டுக்குட்டி செத்துப்போனால் தாய் ஆடு என்ன செய்யும் என்று மலையாளத்தில் கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "கரயும்" என்றாள், அழும் என்று.

"மோளு கரயுமோ?"

மறுபடியும் பார்த்தாள். "டாக்டரு பறஞ்ஞா கரயாம்."

டாக்டர் சொன்னால் அழுகிறேன் என்கிறாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் நிறையக் கேட்டார். பொய் சொல்லும்போது கண் தாழ்கிறதா? அடித்தால் பயப்படுகிறாளா? தப்பு செய்த பிறகு மனம் கலங்குகிறாளா? மற்றவர்கள் விரும்புவது போலப் பேசத் தெரியுமா? வாயில்லா ஜீவன்களைத் துன்புறுத்தியது உண்டா? ஒவ்வொன்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாயாலேயே வேறொரு பிள்ளை உருவாகிக்கொண்டு வந்தது.

சைக்கோபாத் என்று ஒரு சொல் சொன்னார். அறிவில் குறையில்லை, இரக்கமும் மனசாட்சியும் மட்டும் வளராமல் போன மனிதர்களை அப்படிச் சொல்வார்களாம். இத்தனை சின்னப் பிள்ளைக்கு அந்தப் பெயரை யாரும் உறுதியாக வைக்கக் கூடாது என்றார். லட்சணம் தெரிகிறது, அப்படி இருக்கலாம், வளரட்டும், கவனமாகப் பாருங்கள் என்றார். இவ்வளவும் சொன்னார். ஆனால் நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அந்த ஒரு சொல்தான் வந்தது. 'இருக்கலாம்' பாறசாலை பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. கணவரிடம் நான் சொன்னேன், அவர் அக்காளிடம் சொன்னார், பிறகு அது யார் யாரிடம் போனதோ.

அதன் பிறகு அவள் செய்கிற எதுவும் சும்மா இருக்கவில்லை. வாழைப்பழத்தில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தால், யாருக்குக் காட்டுகிறாள் என்று சுற்றிப் பார்த்தேன். காரணமில்லாமல் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டால், இன்று எதை உடைத்தாளோ என்று தோன்றியது. அமைதியாக இருந்தால் கல் நெஞ்சு, சிணுங்கினால் நடிப்பு. அரிவாளை மச்சில் ஏற்றி வைத்தேன். பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைகளை அவளோடு குளத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள்.

என் கணவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "பிள்ளே, அந்த டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் இருத்திக் கேட்டா நாம தப்புவோமா? வக்கீலாபீசில நான் தெனமும் சொல்லுத கள்ளத்துக்கு எனக்க கண்ணு தாழுதா, பாத்தியா நீ?" எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபோதே, இது பிள்ளை விஷயம், சிரிப்பா என்று என்னையே வைதுகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அவளைக் கிணற்றடியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வாளித் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் காலில் அந்தத் தழும்பு ஒரு வெற்றிலை அளவுக்கு வெளுத்திருக்கும். அவன் காலை நீட்டினால் அவள் ஊத வேண்டும். வலி போய் எவ்வளவோ காலம் ஆன பிறகும் அவனுக்கு அது வேண்டும். "அக்கா, ஊது" என்றான். முகத்தில் சோப்பு நுரையோடு குனிந்து ஊதினாள். நுரை அவன் மூக்கில் பட்டது, இருவரும் கெக்கலித்தார்கள். அந்த நேரத்தில் அந்தச் சொல் எனக்கு மறந்திருந்தது. அதனால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"மக்கா, அன்னைக்கு தம்பிக்க கால் வெந்தப்ப நீ ஏன் அழல்ல?"

"ஆள் வந்திருந்தாவல்லியா?"

"வந்தா என்ன?"

"ஆள் வந்தா அழப்பிடாதுண்ணு சித்தப்பா சொன்னாவ. அழுதா தம்பியப் பிடிச்சிட்டுப் போவினும்."

தண்ணீர்ச் செம்பு கையிலேயே இருந்தது. அவளை அப்படியே ஈரத்தோடு மடியில் இழுத்துக்கொண்டேன். இத்தனை பேரும் சேர்ந்து கருப்பட்டி கொடுத்துப் பழக்கிய பாடத்தைத்தானே அவள் ஒப்பித்தாள்! முகம் பார்த்துப் பதில் சொல்கிறாள் என்றார் டாக்டர். இந்த எல்லையில் எந்தப் பிள்ளை முகம் பார்க்காமல் வாய் திறக்கிறது? தமிழா மலையாளமா என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே நானே உப்பு கேட்கிறேன்?

அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்கள் எதிரில் இருப்பவர் கேட்க விரும்புவதைக் கண்டுபிடித்து அதையே சொல்வார்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தாரே. நான் அப்படி ஒரு பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருந்தது என் முகத்தில் தெரிந்திருக்காதா? அவள் அதைப் பார்த்திருக்க மாட்டாளா? அந்தப் பெயரின் கொடுமை இதுதான். அதை மறுக்கிற சாட்சியையும் தன் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொள்கிறது. டாக்டரிடம் மறுபடி போய்ச் சித்தப்பாவின் விளையாட்டைச் சொல்லலாம் என்று புறப்பட்டபோது, அவர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அவளுடைய டிரங்குப் பெட்டிக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன். "சொல்லண்டாம்" என்கிறார் கணவர். "அந்த ஊர்ல அவளுக்க பேரு அவளுக்க பேராவே இரிக்கட்டும்." நாத்தனார், "நாளைக்கு ஒரு பிள்ளைக்கு என்னெங்கிலும் ஆனா ஆரு பதில் சொல்லுவா? சொல்லியே ஆகணும்" என்கிறாள். இரண்டு பேரும் பேசும்போது இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறேன்.

சொன்னால், மேட்ரன் அம்மா அவளிடம் ஒரு சின்னப் பிள்ளையை ஒப்படைக்க மாட்டார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையாக ஆகிற வாய்ப்பே அவளுக்கு இல்லாமல் போகும். இங்கே நாங்கள் பார்த்த பார்வை அங்கேயும் காத்திருக்கும். சொல்லாமல் விட்டால், எவளோ ஒரு தாய் என்னைப் போலவே எண்ணெய் தேய்த்து, முத்தமிட்டு, அனுப்பி வைத்த குழந்தை என் மகளின் கையில் இருக்கும். கோழிக்குஞ்சை நான் கண்ணால் பார்த்தவள்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் போர்டிங்கில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். ஏதோ ஒரு பெயர் ஒட்டிய பிள்ளையை வளர்த்த தாய்மாரும் இருப்பீர்கள். அப்படி ஒரு பெயரைச் சுமந்து வளர்ந்தவர்களும் இருக்கலாம். அந்தப் பெயரை நான் மேட்ரன் அம்மாவிடம் சொல்லட்டுமா? சொல்வதானால் 'இருக்கலாம்' வழியில் தவறிவிடாமல் சொல்ல ஏதாவது வழி உண்டா? சொல்லக் கூடாதென்றால், நான் அந்த இன்னொரு தாய்க்கு என்ன பதில் வைத்துக்கொள்வது? பள்ளி திறப்பதற்கு முன் யாராவது ஒரு வரி எழுதுங்கள்.