என் காலுக்குள் நடந்த பேச்சு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கையின் புருஷன் கடலில் போனபிறகு அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என் சோற்றில்தான் வளர்ந்தார்கள். ஏழில் ஒன்றும் சோடை போகவில்லை.

கரம்பொன் கரையில் எங்கள் வீடு. கருவாடு போடுகிறவள் நான். கருவாட்டுப் பாயில் செருப்போடு ஏறுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. தின்கிற பொருள் கிடக்கிற இடம். அப்படி வெறுங்காலோடு நின்ற ஒரு நாள் ஓரா மீனின் முள் பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. ஏறியது தெரியவில்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் பாதத்தின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்க் கன காலம். பாயில் இரத்தப் பொட்டைக் கண்டுதான் குனிந்து பார்த்தேன்.

கரையில் உள்ளவர்களுக்குப் புண் என்றால் ஒரே வைத்தியம், கடலில் இறங்கி நிற்பது. உப்பு எரிக்கும். எரிவு நின்றால் புண் ஆறிவிட்டது என்பது எங்கள் கணக்கு. என் பிள்ளைகள் எல்லோரையும் அப்படித்தான் பிடித்து நிறுத்தினேன். எனக்கோ முதல் நாளே எரியவில்லை. நல்ல உடம்பு, கெதியாக ஆறிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டு, காலையில் காலையில் போய் நின்றேன்.

மகளின் மகள் என்னோடுதான் இருக்கிறாள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறவள். காலைக் காட்டச் சொல்லி அரியண்டப்படுத்தினாள்.

"நோவுமில்லை, எரிவுமில்லை. நீ படிக்கிற அலுவலைப் பார் பிள்ளை" என்று கலைத்துவிட்டேன்.

புண்ணும் என் பக்கம்தான் நின்றது. வீக்கமில்லை, சீழில்லை. வாயை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு நடந்துதான் போனேன். பூசை முடிந்து வெளியே வந்தால், காலையில் கழற்றிவிட்ட செருப்புக்குள் கால் போகவில்லை. மத்தியானம் குளிர் பிடித்தது. கெண்டைக்கால் வரைக்கும் சிவப்பு ஏறிவிட்டது. குசினியில் ஒரு மணம் வந்தது. பழுதாகிய மீனின் மணம். மீன் கடகத்தைக் கிளறிப் பார்த்தேன், சட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். மணம் என்னிடமிருந்து வந்தது. அப்போதுதான் பேத்தியைக் கூப்பிட்டுக் காலைக் காட்டினேன்.

ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, சின்ன வயது. அழுத்திப் பார்த்தாள், நோகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னும் மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றாள். காலையில் கோயிலுக்கு நடந்து போன கால் பின்னேரத்துக்குள் எப்படி இப்படியாகும் என்று அவளிடம் கேட்டேன்.

"கிருமியள் முள் ஏறின அண்டைக்கே உள்ள வந்திட்டுதுகள் அம்மா. தங்கட ஆள்பலம் காணாதெண்டு சும்மா இருந்ததுகள்" என்றாள்.

வாயும் கண்ணும் இல்லாத கிருமி ஆளை எப்படி எண்ணும்? எண்ணுவதில்லையாம். ஒவ்வொரு கிருமியும் துளி ரசாயனத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்குமாம், மணம் விடுகிற மாதிரி. பத்துப் பேர் விட்டால் அது கலைந்து போய்விடும். கூட்டம் பெருகப் பெருக அந்த மணம் தடிக்கும். கிருமிக்குள் அதைப் பிடிக்கிற ஒன்று காவலுக்கு இருக்கிறதாம். போதிய அளவு பிடிபட்டதும் அது உள்ளே வேலையைத் திறந்துவிடும். எல்லாம் ஒன்றாக நஞ்சைக் கக்கும், தசையைக் கரைக்கும், மருந்து உள்ளே வராதபடி சளி போலப் போர்வையும் கட்டும்.

ஏன் பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"தனிய வெளிக்கிட்டால் உங்கட உடம்பு பிடிச்சுச் சாக்காட்டிப்போடும். அது அதுகளுக்குத் தெரியும் போலதான் நடக்குதுகள்."

சண்டைக் காலத்தில் நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். அப்போது சத்தம் வரும். சத்தம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். இதற்கு எந்தப் பக்கம் ஓடுவது? ஓடினாலும் காலோடு கூடத்தானே வரும். கட்டிலில் கிடந்து காலைப் பார்த்தபடி இருப்பேன். என் இறைச்சிக்குள் இருந்து, எனக்குக் கேளாமல், என்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று உடம்பு கூசும்.

பக்கத்துக் கட்டிலில் புங்குடுதீவு மனிசி ஒருத்தி. இடது கால் முழங்காலோடு போய்விட்டது. "பயப்பிடாதையுங்கோ அக்கா. உங்கட வலது கால் போனால் ஒரு சோடிச் செருப்பை ரெண்டு பேரும் பங்கு போடலாம்" என்றாள். வாட்டில் கிடந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புண்ணைச் சுரண்டினார்கள். நோகாது, சத்தம் மட்டும் கேட்கும், மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி. நல்ல இறைச்சியையும் ஏன் சுரண்டுகிறாய் என்று டொக்டரைக் கேட்டேன். போர்வையைக் கிழிக்கவும், ஆளைக் குறைக்கவும் என்றாள். ஆள் குறைந்தால் பேச்சும் குறையுமாம். நேர்ஸ் சிவப்பு முடிகிற இடத்தில் பேனையால் கோடு கீறிவிட்டாள். அதைத் தாண்டினால் அறுக்க வேண்டும். விடிந்ததும் கால்மேல் கிடந்த துணியை விலக்க எனக்குத் துணிவில்லை. ஏழு பிள்ளைகளின் காய்ச்சலைக் கைவைத்துப் பார்த்தவள், என் காலைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். புங்குடுதீவு மனிசிதான் எட்டிப் பார்ப்பாள். "கோட்டிலதான் நிக்குது" என்பாள். அடுத்த நாளும் அதுதான். பிறகு ஒரு காலையில், "இறங்கிட்டுது அக்கா" என்றாள். நான் செபமாலையைத் தேடினேன். அது கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது.

பெருவிரலும் அடுத்த விரலும் போயின. கால் நிற்கிறது.

ஆனால் எலும்போடு ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு கிருமி மிஞ்சியிருக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். என் பாதத்தின் அடி என் கண்ணுக்கு எட்டாது. பொழுதுபடும் நேரம் பேத்தி நிலத்தில் குந்தியிருந்து, போன் வெளிச்சம் பிடித்துப் பார்ப்பாள். நான் அவளுடைய முகத்தைப் பார்ப்பேன்.

"ஒண்டுமில்லை அம்மம்மா, அமைதியாக் கிடக்கு" என்பாள். அந்த அமைதிதான் எனக்குப் பயம். முதலும் அப்படித்தானே கிடந்தது. அவள் கண்டதை எனக்குக் குறைத்துச் சொல்கிறாளோ என்றும் ஒரு சந்தேகம்.

எனக்குப் பெயர் எழுதத் தெரியும், பெரிய எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். இவ்வளவையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

காணும் பிள்ளை, பேனையை வை. இப்ப முதலிலயிருந்து ஆறுதலா, நிறுத்தி நிறுத்தி வாசி. நான் சொன்னதில நீ எதைக் குறைச்சு எழுதியிருக்கிறாய் எண்டு கேப்பம்.