வின்சென்ற்றின் ஒரு பாகை

ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் இருந்த வின்சென்ற் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றவர். கொதிதண்ணீர் படாத எதையும் சுத்தமென்று ஒத்துக்கொள்ளமாட்டார்.

மகள் எமிலியா பல்கலைக்கழகத்தில் கடலின் கணக்குப் பார்ப்பவள். அத்திலாந்திக்கின் மேற்குக் காற்று பலக்கிற மாரிக்குளிரிலும் தளர்கிற மாரிக்குளிரிலும் ஒஸ்லோக் குடாவின் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதே அவள் ஆராய்ச்சி. அதற்காகக் கரையெங்கும் ஆட்கள் கடல்தண்ணீரை அள்ளி, அளந்து அனுப்பினார்கள். வின்சென்ற்றும் சேர்ந்துகொண்டார். ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்து, பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு படகு கட்டும் பாலத்துக்குப் போவார். கடல்தண்ணீரை அதில் அள்ளிவந்து, குளிருக்குப் பயந்து காருக்குள் இருந்து அளப்பார்.

"மகளின்ரை கட்டுரையிலை என்ரை பாலமும் வருது" என்று கோயில் வாசலில், கூடப் பூசைக்கு வரும் சூசைரட்ணத்திடம் சொல்லியும் விட்டார்.

அங்கேதான் சிக்கல். எல்லா இடங்களும் காற்றோடு ஏறி இறங்கின. வின்சென்ற்றின் பாலமும் ஏறி இறங்கியது, ஆனால் வெப்பமானியில் எப்போதும் ஒரு பாகை மேலே நின்றுகொண்டு.

"அப்பா, உங்கடை இடத்திலை மட்டும் கடல் ஏன் சூடு?"

"கடலைக் கேள்."

"அடியிலை ஒரு சூடான நீரோட்டம் இருக்குமோ எண்டு பேராசிரியர் யோசிக்கிறார்."

"இருக்கும். படிச்ச மனிசன்."

அடுத்த ஞாயிறு எமிலியாவும் கூடப் போக வந்தாள். அம்மா அனஸ்ரேசியா கேத்தலைக் கொதிக்க வைத்தாள். வின்சென்ற் கொதிதண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி, குலுக்கி, அப்படியே மூடினார்.

"என்னத்துக்கு அப்பா?"

"அலம்பாத பிளாஸ்கிலை ஆராவது ஊத்துவினமே? அங்கை போய்த்தான் இதை வெளியிலை ஊத்திப்போட்டுக் கடல்தண்ணியை அள்ளுறது."

எமிலியா கதிரையில் இருந்துவிட்டாள். நீரோட்டத்தின் ஊற்று கேத்தலில் இருந்தது.

வின்சென்ற் காரைப் பாலத்தடியில் நிறுத்தினார். இறங்காமல் கேட்டார்.

"என்ரை அளவுகளை எறியப்போறியோ?"

"பாப்பம்."

பிறகு வந்த ஞாயிறுகளில் அலம்பிய பிளாஸ்கிலும் சாதாரணப் போத்தலிலும் மாறிமாறி அளக்க வைத்தாள். அந்த ஒரு பாகை வித்தியாசம் ஒருமுறையும் மாறவில்லை.

"எறியேல்லை அப்பா. ஒரு பாகையைக் கழிச்சால் மிச்சமெல்லாம் சரி."

"அப்ப பிழையையும் ஒழுங்காத்தான் விட்டிருக்கிறன்."

"ஓம். உங்களைப்போலை ஒழுங்கா ஆரும் பிழை விடேல்லை."

விஷயம் கோயிலுக்கு எட்டியது.

"உம்மடை அளவிலை கழிச்சுப்போட்டினமாம்" என்றார் சூசைரட்ணம்.

"ஓம். மற்றாக்களிட்டைக் கழிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

கட்டுரை வெளிவந்தது. பாலம் வரைபடத்தில் ஒரு புள்ளி. அதைப் பார்க்க வின்சென்ற் பூதக்கண்ணாடி வாங்கினார்.

ஒக்டோபரில் வின்சென்ற் செத்துப்போனார். அதற்குப் பிறகு கடல் அளக்க வேண்டிய முதல் ஞாயிறு, எமிலியா சாதாரணப் போத்தலோடு புறப்பட்டாள். அனஸ்ரேசியா கதவடியில் மறித்துப் பிளாஸ்கைக் கையில் கொடுத்தாள். மூடி இளஞ்சூடாக இருந்தது.

"அலம்பித்தான் தந்திருக்கிறன்."

எமிலியா போத்தலை உள்ளே வைத்துவிட்டுப் பிளாஸ்கோடு போனாள். கணக்கில் அந்தப் பாலத்துக்கு இன்றைக்கும் அந்த ஒரு பாகை கழிகிறது.